கண்டல் முளைகளை நீர்வண்ணத்தில் வரைதல்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாப் பக்கம், உப்பாற்றங்கரையில் பட்டுப்போன கண்டல் மரங்களின் அடியில் புதிய முளைகள் நிமிர்ந்து நிற்கும் காட்சியை நான்கு முறை வரைந்தும் எனக்குக் கைகூடவில்லை. பட்ட மரங்கள் எளிதாக வந்தன. முளைகள்தாம் ஒவ்வொரு முறையும் சேற்று நிறத்தில் அமிழ்ந்துபோயின. நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது தாளின் வெண்மையே என்பதால், இளமுளைக்குரிய இடத்தை முதலிலேயே காத்து வைக்க வேண்டும் என்பதை ஐந்தாவது படத்தில்தான் உணர்ந்தேன்.

சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள், ஒரு பெரிய வட்டத் தூரிகை, மயிர் தேய்ந்த பழைய தட்டைத் தூரிகை, மூன்று வண்ணங்கள் போதும்: அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா, லெமன் மஞ்சள். குழாயில் வரும் ஆயத்தப் பச்சையை நான் வாங்குவதில்லை. அதைத் தொட்டால் தளிருக்கும் உதிரப்போகும் இலைக்கும் ஒரே நிறம் வந்துவிடுகிறது.

முதலில் பென்சிலால் சேற்று விளிம்பைக் குறியுங்கள். திருகோணமலையில் வற்றுப்பெருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், நீருக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள சேற்றுப் பட்டை மிக ஒடுங்கியது. அதை அகலமாக வரைந்தால் வேறு ஊர்க் கரையாகிவிடும்.

அடுத்ததுதான் என்னைத் தடுக்கிய படி. முளைகளுக்குரிய இடத்தில், வண்ணம் படாமல் தாளைக் காத்து, பின்னர் உரித்தெடுக்கக்கூடிய மாஸ்கிங் திரவத்தை இட வேண்டும். அதைத் தூரிகையால் இட்டால் தூரிகை பாழாகிவிடும், கோடும் தடிக்கும். சீவிய தென்னை ஈர்க்கால் இட்டால் முளையின் தண்டும் உச்சியிலுள்ள இலைச்சோடியும் மெல்லியதாகவே அமையும். இந்தத் திரவம் இறப்பர்ப்பாலால் ஆனது. ஒருமுறை அதை இட்ட தாளை நண்பகல் வெயிலில் காயவிட்டு, மறுநாள் உரித்தேன். வெப்பத்தில் அது நாரோடு ஒட்டியிருந்ததால் தாளின் மேற்பரப்பும் முளைகள் இருந்த இடமும் பிய்ந்து வந்தன. ஆகவே காலையில் இட்டு, நிழலில் உலரவிட்டு, அன்றைக்கே உரித்துவிடுங்கள். வண்ணம் ஈரமாக இருக்கும்போதும் உரிக்கக் கூடாது. புறங்கையைத் தாளில் வைத்தால் குளிர்ச்சி தெரியாத அளவுக்கு உலர்ந்திருக்க வேண்டும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இதற்கு நெடுநேரம் பிடிக்கும்.

திரவம் காய்ந்ததும் வானையும் நீரையும் ஒரே பூச்சில் முடியுங்கள். மகாவலி கொட்டியாரக் குடாவில் கலப்பதால், மழைக்குப் பின் அப்பக்கத்து நீருக்கு நீலத்தை விடச் சியன்னாவே பொருந்தும். சேற்றுக்கு நீலத்தையும் சியன்னாவையும் தாளிலேயே கலக்கவிடுங்கள். இரண்டும் மணிமணியாகப் படியும் வண்ணங்களாதலால், தாளின் குழிகளில் வண்டல்போலவே தங்கும்.

பட்ட மரங்களுக்கு அதே கலவையைத் தடிப்பாக எடுத்து, தட்டைத் தூரிகையில் நீர் ஏறக்குறைய இல்லாமல், உலர்ந்த தாளில் இழுங்கள். கோடு ஆங்காங்கே அறுந்து, வெளுத்து உரிந்த பட்டையாகத் தோன்றும். அறுந்த இடங்களை நிரப்ப முயலாதீர்கள்.

இப்போது உரியுங்கள். வெண்மையான முளைகள் கண்ணை உறுத்துவதால் உடனே பச்சை பூசத் தோன்றும். இலைக்கு மஞ்சளில் துளி நீலமும் தண்டின் அடியில் சியன்னாவும் போதும். ஒவ்வொரு இலையிலும் ஓர் ஓரத்தை வெண்மையாகவே விடுங்கள்.

பின்சேர்க்கை: உப்பாற்று நீரையே தொட்டு வரைந்த படம் மழைக்காலத்தில் ஈரமாவதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதே காரணம். கரையின் நீர் கரையின் படத்தில் இருக்க வேண்டும் என்ற அவரது விருப்பம் எனக்கும் புரிகிறது. ஆயினும் ஒரு போத்தலில் குடிநீர் கொண்டு செல்லுங்கள்.