காவிரிக்காக இரு பக்கத்தாரையும் உட்கார வைப்பவர்கள் செய்யக்கூடாதவை

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் சில இளைஞர்கள் தமிழக உழவர்களையும் கர்நாடக உழவர்களையும் ஒரே பந்தியில் உட்கார வைக்க முயல்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் தொடக்கத்தில் நாங்கள் அடித்த கூத்தையே அச்சுப் பிசகாமல் அவர்களும் அடிக்கிறார்கள். மரியாதையாகப் பேசுங்கள், நேரத்துக்குத் தொடங்குங்கள் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

1892-இலிருந்து ஆரம்பிப்பது

1892 ஒப்பந்தம், 1924 ஒப்பந்தம், 1990-இல் நடுவர் மன்றம், 2007-இல் இறுதித் தீர்ப்பு, 2018-இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் நமக்குத் திறந்துவிட வேண்டிய நீரை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. இரு தரப்பாரும் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். இங்கிருந்து தொடங்கினால் கூட்டத்தில் வக்கீல்கள்தான் மிஞ்சுவார்கள். 2003-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் உருவான ‘காவிரிக் குடும்பம்’ இரு மாநில உழவர்களையும் ஒருவர் வயலுக்கு ஒருவரை அழைத்துப் போனது. காய்ந்த வயலின் வரப்பில் நின்றுகொண்டு 1924-ஐப் பற்றி யார் பேசுவார்?

கேமராவை உள்ளே விடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. தேன்கனிக்கோட்டை அருகே ஒரு மாந்தோப்பில் சிறிய கூட்டம். கர்நாடகத்தின் மண்டியாவிலிருந்து கரும்பு போடும் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைப் பாசனத்துக்காகப் போட்டது என்றே அவர் நினைத்திருந்தார். 2008-இல் அந்தப் பக்கம் அதை எதிர்த்துப் போராட்டமே நடந்தது. பாலக்கோட்டுக்காரர் ஒருவர் பதில் ஏதும் சொல்லாமல் வாயைத் திறந்து காட்டினார். பற்களில் குறுக்குக் குறுக்காகப் பழுப்புக் கோடுகள். தர்மபுரி மாவட்டத்தின் ஓரமாகவே காவிரி ஓடினாலும், ஃபுளோரைடு கலந்த கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. அந்தத் திட்டம் 2013-இல்தான் திறக்கப்பட்டது.

பெரியவர் எழுந்து வந்து அந்தப் பற்களை அருகில் பார்த்தார். “குடிக்கிற தண்ணீரைக் கொடுக்காதே என்று யார் சொல்வார்? கொடுக்கத்தான் வேண்டும்” என்றார்.

ஏற்பாட்டாளர்களில் ஒரு ஆர்வக்கோளாறு அதைக் கைப்பேசியில் பிடித்துவிட்டது. சாயங்காலத்துக்குள் முதல் வாக்கியம் போய், “கொடுக்கத்தான் வேண்டும்” மட்டும் சுற்றியது. 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழகப் பதிவெண் வண்டிகள் எரிந்தபோது, நம் பஸ்கள் எல்லையோடு நின்று, ஜூஜூவாடியிலிருந்து அத்திப்பள்ளிக்கு ஜனங்கள் மூட்டை தூக்கிக்கொண்டு நடந்தபோது, அந்தத் துண்டு மறுபடி கிளம்பியது. உள்ளூரிலேயே அவரைத் துரோகி என்றார்கள். அவர் அப்புறம் வரவில்லை. அந்த ஊரிலிருந்தே யாரும் வரவில்லை. படம் பிடித்தவருக்கு ஒரு சேதாரமும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெட்டாமல் முழுசாகப் போட்டாலும் கெடுதல்தான். கேமரா வந்துவிட்டால் மனிதர் எதிரில் இருப்பவரிடம் பேசுவதை விட்டுவிட்டு, ஊரில் இருக்கும் பங்காளிகளுக்குப் பேசத் தொடங்கிவிடுவார். குரல் உயரும், துண்டு தோளுக்கு ஏறும். பணம் கொடுத்தவர்கள் புகைப்படம் கேட்டால், சாப்பிட்டு மடித்த இலைகளைப் படமெடுத்து அனுப்புங்கள். கைப்பேசிகளை வாசலிலேயே ஒரு பையில் வாங்கி வையுங்கள், உங்களுடையதையும் சேர்த்து.

“நாமெல்லாம் ஒரு தாய் மக்கள்” என்று முடித்து வைப்பது

கை தட்டுவார்கள். நம்பமாட்டார்கள்.

கட்சிக்காரரை மொழிபெயர்க்க வைப்பது

ஓசூரில் இரண்டு மொழியும் பேசும் காய்கறி வியாபாரி கிடைக்கமாட்டாரா?

மேட்டூர் நிரம்பியதும் கலைந்து போவது

மழை பொய்த்தால் மட்டும் கூடுகிறார்கள். நீர்மட்டம் 120 அடியைத் தொட்டதும் பொன்னாடை போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். 177.25 டி.எம்.சி. என்பது மழை சரியாகப் பெய்கிற ஆண்டின் கணக்கு. சண்டை மூள்வதோ பற்றாக்குறை ஆண்டில், குறைவை எப்படிப் பகிர்வது என்பதில். பயிர் கருகும்போது அதை யாரும் நிதானமாகப் பேசமுடியாது. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் கரைபுரளும் ஆண்டாகப் பார்த்து அவர்களை அழையுங்கள். உங்கள் கிருஷ்ணராஜசாகர் அணையில் தண்ணீர் பாதிதான் இருக்கிறதென்றால் எதை முதலில் கைவிடுவீர்கள், கரும்பையா நெல்லையா என்று அப்போது கேட்கலாம். அதே மூச்சில் குறுவையைக் கைவிடுவீர்களா என்று நம் டெல்டாக்காரர்களிடமும் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்விக்கு நம் பக்கத்தில்தான் முதலில் முகம் கோணும். அதற்குத் தயாராகப் போங்கள்.