பிள்ளைக்கு ஊர்க்காரர்களை அறிமுகப்படுத்த
நாலைந்து வயதுப் பிள்ளைக்கு 'நமக்கு உதவுபவர்கள்' பாடத்தைச் சார்ட் ஒட்டி நடத்தாதீர்கள், காலையில் குப்பை வண்டி வரும்போது வாசலில் நிற்க வையுங்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்த வாளியை அவனே தூய்மைப் பணியாளரிடம் நீட்டி "நன்றிக்கா" என்று சொல்லட்டும். அப்புறம் மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட். மல்லிகையைப் பறித்தவர், மூட்டை தூக்கியவர், எடை போட்டவர், சரம் கட்டுகிறவர் என்று ஒரு முழம் பூவுக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அங்கேயே விரல்விட்டு எண்ண வையுங்கள் (விடியற்காலையில்தான் போகணும், கொஞ்சம் சிணுங்கும், பரவாயில்லை). ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புக்கு 101, குழந்தைகள் உதவிக்கு 1098: இது மனப்பாடம்தான், வேறு வழியில்லை.

"சாப்பிடலைன்னா போலீஸ் மாமாகிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்" என்று மட்டும் மிரட்டாதீர்கள். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கை நழுவினால் பிள்ளை ஓடிப்போய் நிற்க வேண்டியதே அவரிடம்தான்.