சில நாள் ஸ்டார்ட் ஆகும், சில நாள் ஆகாது: பழைய காரின் கோளாறைப் பிடிப்பது எப்படி

காலையில் சாவியைத் திருப்பினதும் எடுக்கிற வண்டி, மதியம் கடை வாசலில் நின்றுகொண்டு அசையவே மாட்டேன் என்கிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவர் வந்து நிற்கும்போது சமர்த்தாக ஸ்டார்ட் ஆகிறது. பழைய மாருதி 800, ஜென், சாண்ட்ரோ வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அடுத்து என்ன நடக்கும் என்பதும் தெரியும்: ஒருவர் பேட்டரியை மாற்றச் சொல்வார், இன்னொருவர் பிளக், மூன்றாமவர் பெட்ரோல் பம்ப். பணம் போகும், கோளாறு அப்படியே இருக்கும். விட்டுவிட்டு வரும் கோளாறை, அது இருக்கும்போது மட்டும்தான் பிடிக்க முடியும். வண்டி நன்றாக ஓடுகிற நேரத்தில் எவ்வளவு பெரிய மெக்கானிக்காக இருந்தாலும் அவர் சொல்வது ஊகம்தான். அதனால் நடுத்தெருவில் நிற்கிற அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்கூட்டியே தயாராக இருங்கள்.

மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. இந்த வயதில் பெரிய பாகங்களைவிட ஒயர் முனை, எர்த் (பேட்டரி நெகட்டிவை வண்டியின் இரும்போடு இணைக்கும் ஒயர்), சாவி சுவிட்ச், ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டை ஆன் செய்யும் சுவிட்ச்) மாதிரி சின்னச் சின்ன இணைப்புகள்தான் அதிகம் கழுத்தறுக்கும்.

டிக்கியில் ஒரு மல்டிமீட்டர், 10 எம்எம் ஸ்பேனர், உப்புத்தாள், ஒரு பழைய பிளக், நல்ல ஜம்பர் கேபிள் போட்டு வையுங்கள். இவற்றோடு ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு நீள ஒயரைப் பற்றவைத்து ஒரு டெஸ்ட் லாம்ப் செய்துகொள்ளுங்கள், மீட்டரைவிட இதுதான் எனக்குப் பிடிக்கும். உள்ளே அறுந்து ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், பல்பு அப்படி ஏமாறாது, மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு சின்ன நோட்டும் வேண்டும், போனில் எழுதினாலும் சரி. ஸ்டார்ட் ஆகாத ஒவ்வொரு முறையும் இன்ஜின் சூடா குளிரா, நிறுத்தி எவ்வளவு நேரம் ஆச்சு, மழையா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் என்று குறித்து வையுங்கள். நாலைந்து முறை எழுதினாலே ஒரு போக்கு தெரியவரும்.

இப்போது வண்டி நின்றுவிட்டது. உடனே தள்ளி ஸ்டார்ட் பண்ணாதீர்கள், தள்ளி எடுத்துவிட்டால் ஆதாரம் போய்விடும். முதலில் சாவியைத் திருப்பிக் காது கொடுத்துக் கேளுங்கள். செல்ஃப் (இன்ஜினைச் சுற்றி எழுப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றவே இல்லையா, இல்லை நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய்கள், இதைக் குழப்பிக்கொண்டால் மிச்ச வேலையெல்லாம் வீண்.

செல்ஃப் சுற்றவில்லை என்றால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். விளக்கு அணைகிற அளவுக்கு மங்கினால் பேட்டரி, அல்லது அதன் டெர்மினல், எர்த். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2க்குக் கீழே போனால் பாதி காலி. ஆனால் அது மட்டும் போதாது, செல்ஃப் அடிக்கும்போது, அதாவது சாவியைத் திருப்பி அதைச் சுற்ற வைக்கும்போது, 9.6க்குக் கீழே இறங்குகிறதா என்பதுதான் உண்மையான சோதனை. டெர்மினல் வெளியே பளபளப்பாக இருந்தாலும் கிளாம்புக்கும் ஈயக் கம்பத்துக்கும் நடுவில் பூத்திருக்கும், கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். கழற்றும்போது நெகட்டிவை முதலில் எடுக்க வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில்.

எர்த்தை யாரும் கவனிப்பதில்லை. பேட்டரி நெகட்டிவிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் பட்டை ஒயர் துருப்பிடித்தால் கரண்ட் வேறு வழி தேடும், சில வண்டிகளில் ஆக்ஸிலரேட்டர் கேபிளோ கிளட்ச் கேபிளோ சூடாகிவிடும் அளவுக்கு. சோதிப்பது சுலபம்: ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜினின் சுத்தமான இரும்பிலும் மாட்டி செல்ஃப் அடித்துப் பாருங்கள். எடுத்துவிட்டதென்றால் எர்த்தான் பிரச்சனை. மீட்டர் இருந்தால் செல்ஃப் அடிக்கும்போது அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது.

விளக்கு மங்காமல் நின்று, 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறதா, அல்லது அதுவும் இல்லையா? அப்போது டெஸ்ட் லாம்ப்பை எடுங்கள். ஒரு ஒயரை எர்த்திலும் இன்னொன்றை, செல்ஃபுக்குக் கரண்டை இணைத்துவிடும் காந்த சுவிட்சான ஸ்டார்ட்டர் சொலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயரிலும் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கட்டும், கை ஃபேன் பெல்ட் பக்கம் போக வேண்டாம். பல்பு பளிச்சென்று எரிந்தும் செல்ஃப் சுற்றவில்லை என்றால் கோளாறு செல்ஃபுக்குள்ளேயே இருக்கிறது: சொலினாய்டு காண்டாக்ட் அல்லது தேய்ந்த கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் தரும் கரித்துண்டு). ஸ்பேனர் பிடியால் செல்ஃபின் உடம்பில் லேசாகத் தட்டிக்கொண்டே சாவியைத் திருப்பினால் எடுக்கிறதென்றால் பிரஷ் மேல்தான் சந்தேகம். செல்ஃப் முழுவதையும் மாற்ற வேண்டாம், பிரஷ் செட் மட்டும் போட்டுத் தருகிற எலக்ட்ரீஷியன் எல்லா ஊரிலும் இருக்கிறார்.

பல்பு மங்கலாக எரிந்தால் கோளாறு மேலே, சாவி சுவிட்சில். சொலினாய்டு இழுக்கிற கரண்ட் முழுவதும் அந்தச் சின்ன சுவிட்ச் வழியாகவே போகிற வண்டிகளில் காண்டாக்ட் கருகித் தேய்ந்துவிடும். சூடான இன்ஜினில் சொலினாய்டு காயிலிலும் தடை ஏறுவதால் குளிரில் எடுக்கும், சூட்டில் டிக் என்று நின்றுவிடும். சுவிட்சை மாற்றிவிட்டு நடுவில் 30 ஆம்பியர் ரிலே ஒன்று போட்டால் நிரந்தரமாகத் தீரும், செலவும் குறைவு.

சரி, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும்) வண்டியாக இருந்தால் சாவியை ஆனில் வைத்து மீட்டர் போர்டைப் பாருங்கள், செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூவுக்குக் கரண்ட் போகவில்லை, ஃபியூஸும் மெயின் ரிலேயும்தான் முதல் சந்தேகம். 1990களின் ஹோண்டா கார்களில் மெயின் ரிலேக்குள் சால்டர் (ஈயப் பற்று) விரிசல் விட்டு, வெயிலில் நின்ற வண்டி எடுக்காமல், குளிர்ந்ததும் எடுப்பது பலருக்கும் தெரிந்த நோய். ரிலேயைத் திறந்து பின்னைச் சுற்றி மோதிரம் மாதிரி மெல்லிய கோடு தெரிகிறதா பாருங்கள், தெரிந்தால் மறுபடி சால்டர் வைத்தால் போதும்.

விளக்கு எரிகிறது, ஆனால் சாவி போட்டதும் பின் சீட் பக்கத்திலிருந்து வரும் 'ஊம்' என்ற இரண்டு வினாடி பம்ப் சத்தம் இல்லையா? பம்ப் ரிலேயை அதே மாதிரி வேறு ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்புறமும் சத்தம் இல்லையென்றால் ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் டேங்கின் அடியில் கையால் தட்டட்டும். தட்டினதும் எடுத்தால் பம்ப் மோட்டார் முடிந்துகொண்டிருக்கிறது. டேங்க் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும்போது மட்டும் படுத்துகிறது என்று நோட்டு சொன்னாலும் பம்ப் மேல் சந்தேகம் கூடும்.

பம்ப் ஓடினால் ஸ்பார்க்கைப் பார்க்கணும். ஒரு பிளக்கைக் கழற்றுங்கள், ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, காய்ந்திருந்தால் வரவில்லை. பிறகு இன்ஜெக்டர் கப்ளரை (ஒயர் இணைப்பை) கழற்றிவிட்டு, பழைய பிளக்கை ஒயரில் மாட்டி, பிளக் துளையிலிருந்து தள்ளி, இன்ஜின் இரும்போடு நன்றாக ஒட்டி வைத்து செல்ஃப் அடித்துப் பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால் இதைச் செய்யவே கூடாது. ஸ்பார்க்கும் இல்லை, இன்ஜெக்டருக்குக் கரண்ட் துடிப்பும் இல்லை, இன்ஜின் சூட்டில் மட்டும் இப்படி, அரை மணி ஆறினதும் சரியாகிறது என்றால் கிராங்க் அல்லது கேம் சென்சார் (இன்ஜின் சுற்றும் நிலையை இசியூவுக்குச் சொல்பவை). ஈரத்துணியை அந்தச் சென்சார் மேல் போட்டுக் குளிர வைத்ததும் எடுத்தால் சந்தேகமே வேண்டாம். கார்புரேட்டர் வண்டியில் இதே வேலையை பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிக்கப் காயிலிலும் இக்னிஷன் காயிலிலும் செய்து பாருங்கள்.

இன்னொன்று, நிறையப் பேர் தவறவிடுவது. செல்ஃப் அடிக்கும் வரை பிடிக்காமல், சாவியை விடுகிற நொடியில் பட்டென்று பிடிக்கிறதா? அடிக்கும்போது வோல்ட்டேஜ் ரொம்ப இறங்குகிறது, அல்லது ஸ்டார்ட் நிலையில் சாவி சுவிட்ச் இக்னிஷனுக்குக் கரண்ட் தரவில்லை. நேர்மாறாக, அடிக்கும்போது பிடித்து, சாவியை விட்டதும் அணைந்தால் ஆன் நிலைக் காண்டாக்ட், பழைய பாயிண்ட் செட் வண்டியில் பலாஸ்ட் ரெசிஸ்டர் (ஓடும்போது இக்னிஷன் காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் தடை).

ஒரு முறைக்குப் பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், நடுவில் ஒரு நிமிடம் ஆற விடுங்கள்.

எதைச் சரிசெய்தாலும் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிறகு நோட்டில் இருக்கிற அதே நிலைமையை வேண்டுமென்றே கொண்டு வாருங்கள்: சூட்டில் மக்கர் செய்த வண்டி என்றால் வெயில் நேரத்தில் நன்றாக ஓட்டி, கால் மணி நிறுத்தி, அடித்துப் பார்ப்பது. மெக்கானிக்கிடம் விடும்போதும் "ஸ்டார்ட் ஆகலை" என்று மட்டும் சொல்லாமல், "சூட்டில் மட்டும், செல்ஃப் சுற்றுது, பம்ப் ஓடுது, ஸ்பார்க் இல்லை" என்று சொல்லுங்கள்.