ராஜராஜன் செப்புக்காசு: சோழர் ஈழத்தை வென்ற காலத்துக் காசுகளைப் பார்த்து வாங்குவதும் பாதுகாப்பதும்

பழங்காசு சேர்க்கத் தொடங்குபவருக்கு ராஜராஜனின் செப்புக்காசை விடத் தோதான தொடக்கம் கிடையாது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்திருக்கிறது; பல காசுகள் சில நூறு ரூபாய்க்கே வரும். ஒரு போரின் கதையையும் அதன் முகத்திலேயே படிக்கலாம்.

காசின் ஒரு பக்கத்தில் நிற்கும் உருவம், கையில் மலர். அதன் ஒரு புறம் விளக்கு, மறுபுறம் அடுக்கிய புள்ளிகளும் மேலே பிறையும். மறுபக்கத்தில் அமர்ந்த உருவம். அதன் கையருகே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜ ராஜ'. இந்த அமைப்பு சோழருடையது அன்று. அனுராதபுர அரசர்களின் 'ஸ்ரீ லங்கா விபு' என்று பொறித்த பொற்காசில் இதே நின்ற, அமர்ந்த உருவங்கள் முன்பே இருந்தன. 993 வாக்கில் சோழப்படை அனுராதபுரத்தைப் பிடித்தது. அனுராதபுர அரசன் ஐந்தாம் மகிந்தன் தெற்கே உரோகணத்தில் தஞ்சம் புகுந்திருந்தான். வென்றவர்கள் தோற்றவரின் காசு வடிவத்தை எடுத்துத் தங்கள் பெயரைப் பொறித்தார்கள். பழகிய உருவம் இருந்தால்தானே சந்தையில் கேள்வி கேட்காமல் வாங்குவார்கள்! 1017இல் ராஜேந்திரன் மகிந்தனைச் சிறைப்பிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுவந்தான். 1070இல் சிங்கள அரசன் முதலாம் விஜயபாகு பொலன்னறுவையைச் சோழரிடமிருந்து மீட்ட பிறகும் இந்த உருவம் ஒழியவில்லை. பராக்கிரமபாகு, அரசி லீலாவதி என்று சிங்கள அரசர்கள் அதையே அச்சிட்டார்கள். யாழ்ப்பாண ஆரியச்சக்கரவர்த்திகளின் சேதுக் காசிலும் ஒரு பக்கம் நின்ற மனிதன்தான். மறுபக்கத்தில் படுத்திருக்கும் நந்தி, கீழே தமிழில் 'சேது'. விற்பனைப் பட்டியல்களில் இந்த நின்ற உருவ வகையை 'சிலோன் மேன்' என்பார்கள். இந்த வரிசையில் அரசருக்கு ஒன்றாகச் சேர்ப்பதே நல்ல தொகுப்பு. ஒரே காசை இருபது வாங்குவதில் பயனில்லை.

வாங்கும்போது உருவத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உருவம் எல்லாருக்கும் ஒன்றுதான், அரசர் யார் என்பதை எழுத்துதான் சொல்லும். நாகரியில் ஸ்ரீ, ர, ஜ, வி, ய, ப, ம, ஹ, ல, வ, த ஆகியவற்றின் பழைய வடிவங்களை மட்டும் பழகிக்கொண்டால் பெரும்பாலானவற்றைப் படித்துவிடலாம். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் போதும். வெளிச்சத்தை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள். தேய்ந்த எழுத்தும் நிழலில் எழும்பும்.

இங்கே ஒரு பொறி உண்டு. லீலாவதி காசும் 'ஸ்ரீ ராஜ' என்றுதான் தொடங்கும். கீழ்வரிகள் தேய்ந்த ராஜராஜன் காசை லீலாவதி என்று சொல்லிக் கூடுதல் விலைக்குத் தள்ளுவார்கள். 'லீ'யோ 'வ'வோ தெளிவாகத் தெரியாவிட்டால் ராஜராஜன் விலைதான் கொடுக்கவேண்டும். விஜயபாகு, புவனேகபாகு ஆகிய பெயர்களில் அரசர்கள் பலர். முதலாம், நான்காம் என்ற எண் காசில் இராது. 'சோழரை விரட்டிய விஜயபாகுவின் காசு' என்ற பேச்சுக்காக மட்டும் பணம் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

போலிகளில் பெரும்பாலானவை வார்ப்பு. உண்மைக் காசு அச்சில் அடித்தது. அடிபட்ட உலோகம் விளிம்பை நோக்கி ஓடியிருக்கும், விளிம்பில் சிறு வெடிப்புகள் இருக்கும். வார்ப்புக் காசில் எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி ஒரு கோடோ, அதை அரம் போட்டு மறைத்த தடமோ இருந்தால் வாங்கவேண்டாம். விற்பவரிடம் தட்டு முழுவதையும் காட்டச் சொல்லுங்கள். இரண்டு காசுகளில் அதே இடத்தில் அதே பள்ளம், அதே விளிம்பு வடிவம் இருந்தால் இரண்டும் ஒரே வார்ப்பிலிருந்து வந்தவை என்று கொள்ளலாம். பச்சை நிறம் பூசியதா என்று சந்தேகம் வந்தால் பஞ்சில் தூய அசிட்டோன் தொட்டுத் துடையுங்கள். பூச்சு பஞ்சில் ஒட்டும், மண்ணில் கிடந்து வந்த படலம் அசையாது.

எடை சுமார் 4 கிராம். காசு செம்பா பித்தளையா என்று அறிய அடர்த்தி பார்க்க நினைப்பவர்கள் தராசைக் கவனிக்கவேண்டும். செம்பின் அடர்த்தி 8.9, பித்தளையின் அடர்த்தி ஏறக்குறைய 8.45. 4 கிராம் காசை நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டால் செம்பு 0.45 கிராமும் பித்தளை 0.47 கிராமும் எடை குறையும். 0.01 கிராம் துல்லியத் தராசில் இந்த வேறுபாடு பிழைக்குள்ளேயே மறைந்துவிடும், 0.001 கிராம் தராசு வேண்டும். அரித்துப்போன காசு எப்படியும் அடர்த்தியைக் குறைவாகவே காட்டும்.

சுத்தம் செய்யும் ஆசையில்தான் அதிகக் காசுகள் அழிகின்றன. குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்தால் படலத்தோடு எழுத்தும் போகும். பளபளக்கும் பழங்காசை விவரம் தெரிந்தவர் வாங்கமாட்டார். டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். இளகிய மண்ணை மூங்கில் பல்குச்சியால் லென்ஸின் கீழ் மெல்லக் கிளறி எடுங்கள். வாரக்கணக்கில் ஆகலாம். இளகாத மண்ணை விட்டுவிடுவதே நல்லது.

கெட்டியான கரும்பச்சைப் படலம் காசுக்குக் காவல். ஆனால் விரலில் ஒட்டும் வெளிர்பச்சைப் பொடி தோன்றினால் அது நோய்: உள்ளே தங்கிய குளோரைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்கிறது. அந்தக் காசை உடனே தனியே எடுங்கள். பொடியைக் குச்சியால் நீக்கிவிட்டு, ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 22 கிராம் சோடியம் பைகார்பனேட்டும் 28 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட்டும் கரைத்து அதில் ஊறவையுங்கள். வாரம் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். நிறம் சற்று மாறக்கூடும். காசு முழுதாகக் கரைந்துபோவதற்கு அது மேல். பிறகு டிஸ்டில்டு வாட்டரில் பலமுறை அலசி நன்றாக உலர்த்துங்கள். உலர்ந்தபின் சில வாரங்கள் கண்காணிக்கவேண்டும். பொடி திரும்பினால் மறுபடியும் முதலிலிருந்து.

பி.வி.சி. உறையில் காசை வைக்காதீர்கள். நாளாக ஆக அது அமிலம் கசிந்து காசில் பச்சைப் பிசினை ஏற்றும். பாலியெஸ்டர் உறை, காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், இவை போதும். கடலோர ஊர்களில் ஜெல்லை அடிக்கடி சூடாக்கி உலர்த்தவேண்டியிருக்கும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தனியாருக்குத் தடுக்கிறது. இலங்கையிலிருந்தும் உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. கொழும்பில் மலிவாகக் கிடைத்ததே என்று பையில் போட்டு விமானம் ஏறாதீர்கள். வாங்கும் ஒவ்வொரு காசுக்கும் ரசீது கேளுங்கள். எடை, விட்டம், படிக்க முடிந்த எழுத்து, வாங்கிய இடம், நாள் ஆகியவற்றை அதே தாளில் எழுதி, இரு பக்கப் படத்தோடு சேர்த்து வையுங்கள்.