"விழுந்துடுவீங்க, வீட்டிலேயே இருங்க": பெரியவர்கள் விஷயத்தில் செய்யும் தவறுகள்

லிப்ட் இல்லாத இரண்டாம் மாடி, உடைந்த நடைபாதை, உரசிக்கொண்டு போகும் பைக். சென்னையில் பிள்ளைகள் பயப்படுவது நியாயம்தான். ஆனாலும் பெரிய தவறு, வெளியே போகாதீர்கள் என்ற இந்தத் தடையில்தான் தொடங்குகிறது. காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் போவது நின்றால், சில வாரங்களிலேயே தொடைத் தசை வலுவிழக்கும். பேச்சுத்துணையும் போய்விடும். பேச ஆளில்லாதவருக்குச் சாப்பாடு இறங்காது, எழுந்து நடக்கவும் மனம் வராது. உடல் இன்னும் தளரும்.

மளிகை முதல் மாத்திரை வரை ஆப்பில் வரவழைத்துக் கொடுப்பதும் இதே கதைதான். பால் வாங்கும் வேலையையாவது அவரிடமே விடுங்கள்.

"வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். தானாகவே ஓராண்டில் 4.5 கிலோ எடை குறைவது, ஓயாத அசதி, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் குறைவது: இவற்றில் மூன்று இருந்தால் மருத்துவர்கள் அதைத் தளர்நிலை என்பார்கள். ஒன்றிரண்டு மட்டும் இருக்கும்போதே கவனித்தால் மீட்பது எளிது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டியபடி ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 15 வினாடிக்கு மேலானால் காலில் வலு போதவில்லை. அதே பயிற்சியைத் தினம் இருவேளை, முடிந்த அளவு செய்யலாம். நடைப்பயிற்சி மட்டும் தசையை வளர்க்காது.

இரவுக்கு இரண்டு இட்லி போதும் என்பார்கள். அதில் புரதம் சுமார் 4 கிராம். 60 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம் வேண்டும். முட்டை, மீன், சுண்டல், தயிர் என்று பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்டபின்.

"பேரன் பேத்தியோடதானே இருக்கார், என்ன தனிமை?" என்று கேட்பவர்கள் காதைச் சோதிப்பதில்லை. காது மந்தமானவர் கூடத்து நடுவில் உட்கார்ந்திருந்தாலும் தனியாள்தான். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிப்பவரிடம் காரணத்தைத் தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் கோபமாக இருக்காது. சிறுநீரை அடக்க முடியாதோ என்ற பயமாக இருக்கலாம். மண்டபத்தில் கழிப்பறை எங்கே என்று முன்பே பார்த்து, அதற்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைத்தாலே பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். இந்தச் சிறுநீர்ப் பிரச்சினைக்குச் சிகிச்சையும் உண்டு. கிண்டியில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையில் காட்டலாம்.