எழும்பூர் மியூசியத்தைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்

வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வருகிற நம்மவர்கள் கல்யாணம், கோயில், தி.நகர் எல்லாம் முடித்து, மிச்சமிருக்கும் அரை நாளைத்தான் மியூசியத்துக்கு ஒதுக்குகிறார்கள். அந்த அரை நாள் கைக்கு வராது. உறவில் யாராவது அதை எடுத்துக்கொள்வார்கள்.

எனக்குச் சித்தப்பா. "வந்த கையோட வாரிசு சான்றிதழ் வேலையை முடிச்சிடலாம்ப்பா, ஒரு கையெழுத்துதான்" என்றார். அப்பாவுக்குக் கொள்ளி வைக்கக்கூட நேரத்துக்கு வந்து சேராத நான், எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்தவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? தாலுகா அலுவலகத்துக்குக் காலையிலேயே போய்விட்டோம். வி.ஏ.ஓ. மீட்டிங்கில் இருந்தார். மதியத்துக்கு மேல் வந்தவர், இறப்புச் சான்றிதழில் "சுப்பிரமணியன்", ரேஷன் கார்டில் "சுப்ரமணியம்" என்று இருந்த இரண்டு பெயர்களையும் பென்சிலால் வட்டமிட்டு, காகிதக் கட்டை அப்படியே திருப்பித் தள்ளினார். அஃபிடவிட் வேண்டும். நோட்டரியைத் தேடிப் போய்த் திரும்பினால் ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) இல்லை. செப்புத் திருமேனிகளைப் பற்றி அன்று மாலை ஓர் உரை இருந்தது. விமான டிக்கெட் போட்டபோதே குறித்துவைத்தது. அது முடிந்து ஆட்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். நாங்கள் இன்னும் அந்த பெஞ்சில்தான் இருந்தோம்.

எனவே விமானம் ஏறுமுன் எல்லாக் காகிதங்களையும் வாட்ஸ்அப்பில் வரவழைத்து, பெயரையும் இனிஷியலையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

மியூசியத்தில் முதலில் செப்புத் திருமேனிக் கூடம். திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரியும் அங்கே. நடராசரைப் பக்கவாட்டில் நின்றும் பாருங்கள். அந்த உடலின் திருப்பம் எந்தப் படத்திலும் வராது. பிறகு ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகள். ஆந்திராவின் அமராவதி பௌத்தத் தூபிச் சிற்பங்களில் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அங்கே பார்த்தவர்கள் இங்குள்ள பகுதியை அவசியம் பார்க்க வேண்டும். 1851-ல் தொடங்கிய இடம் இது. செத்த உயிரினங்களைப் பாடம்பண்ணி வைத்திருந்ததால் ஒரு காலத்தில் மெட்ராஸ்காரர்களுக்கு இது "செத்த காலேஜ்". அப்பா என்னைத் தோளில் தூக்கித் திமிங்கல எலும்புக்கூட்டைக் காட்டியதும் இங்கேதான். பிள்ளைகளை அவசரப்படுத்தாதீர்கள்.

ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தால் கையில் வைத்திருங்கள். அருங்காட்சியக நுழைவுக் கட்டணத்தில் இந்தியர்களுக்குச் சமம் என்று மத்திய அரசின் 2021 மார்ச் அறிவிக்கை சொல்கிறது. டிக்கெட் கிழிப்பதற்கு முன்பே காட்டிக் கேளுங்கள்.

உரைகளுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம், திரையிடலுக்கு நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ், கோத்தே இன்ஸ்டிடியூட் என்று தேடுங்கள். அறிவிப்பு பெரும்பாலும் சில நாள் முன்னால்தான் வரும், அதனால் வந்து இறங்கியதும் பாருங்கள். தென்னிந்தியப் பழைய வீடுகளைக் காட்டும் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை.

எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளி விடுமுறை. தாலுகா அலுவலகம் அன்று திறந்திருக்கும். சித்தப்பாமார்களுக்கு வெள்ளியைக் கொடுத்துவிடுங்கள்.