மழையில சைக்கிள் டூர் முடிச்சு வந்தா முதல்ல டென்ட்டை விரிங்க

பாண்டிச்சேரில கிளம்பி ஈசிஆர்ல கடைசி நாள் ஃபுல்லா ஐப்பசி மழையில மிதிச்சு திருவான்மியூர் வந்து சேர்ந்ததும் குளிச்சிட்டு படுத்தா போதும்னுதான் இருக்கும், ஆனா ஈர டென்ட்டை மட்டும் பையிலயே விட்டுடாதீங்க, போன தடவை எனக்கு ரெண்டே நாள்ல பூஞ்சை புடிச்சு வந்த கரும்புள்ளி இன்னும் போகல. ஹால்ல கொடி கட்டி ஃபேன் போடுங்க (வீட்ல திட்டு விழும், பரவால்ல).

அப்புறம் செயின். நல்ல தண்ணில கழுவி, பழைய பனியனால துடைச்சு, காஞ்சப்புறம் ஆயில் விடுங்க, கடக்காத்து உப்பும் மழையும் சேர்ந்தா காலையிலயே துரு ஏறிடும். சீட்டை போஸ்ட்டோட (சீட்டைத் தாங்குற கம்பி) உருவிட்டு சைக்கிளை கவுத்துப் பாருங்க, ஃபிரேமுக்குள்ள புகுந்த தண்ணி கொட்டும், எனக்கு அரை டம்ளர் வந்துச்சு. ஷூக்குள்ள பழைய பேப்பரை கசக்கி திணிச்சு ராத்திரி ஒருவாட்டி மாத்துங்க.